நறுமணப் பாதையில் நம்மவர்

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. விடிந்து பார்த்தால் ஸ்வெட்டன்ஹாம் துறையில் பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கப்பல் வந்து நிற்கும். ஒன்பது மணிக்குள் கடைத்தெருவிலும் சூலியா ஸ்திரீட்டிலும் வெளிநாட்டுத் தம்பதிகள் விசிறிக்கொண்டும் படம் பிடித்துக்கொண்டும் நடப்பார்கள். பூக்கடைக்காரர் ஒரு முழம் மல்லிகைக்கு அன்று மட்டும் வேறு விலை சொல்வார். மாலையில் கப்பல் சங்கு ஊதிவிட்டால் தெரு மறுபடியும் நம்முடையதாகிவிடும்.

என் தம்பி மகள் இப்படி வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறாள். உரிமம் பெற்ற வழிகாட்டி. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சரளம். சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு ஹொக்கியனும் வரும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களும் அவளிடம் வருவார்கள், பட்டர்வொர்த்தில் சொகுசு ரயிலிலிருந்து இறங்குகிறவர்களும் வருவார்கள். அவள் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக் கடன் இன்னும் அடைந்தபாடில்லை. ஆகவே கப்பல் வரும் மாதங்கள்தாம் அந்த வீட்டுக்கு அறுவடைக் காலம்.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள், பளபளப்பான ஒரு புத்தகத்தை என் மடியில் போட்டாள். ஒரு வெளிநாட்டுப் பயண நிறுவனம் அச்சிட்ட விளம்பரப் புத்தகம். ஆசியாவின் பழைய வணிகப் பாதைகளில் ஒரு சொகுசு யாத்திரையாம். சாமர்கண்டில் பட்டுப் பாதையில் தொடங்கி, பிறகு நறுமணப் பொருள்களின் கடல் பாதையில் கொச்சி, கொழும்பு, பினாங்கு, மலாக்கா என்று போகிறது. கட்டணத்தைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நம் நாட்டில் இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளம் வாங்குகிறவர் நான்கு வருடம் சாப்பிடாமல் சேர்த்து வைத்தால் ஓர் ஆள் போய் வரலாம்.

"விலையைப் பார்க்காதீங்க அத்தை, பினாங்குப் பக்கத்தைப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அரபு வணிகர் வந்தார்கள், சீனர் வந்தார்கள், போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இந்தக் கடலில் மோதிக்கொண்டார்கள், 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து ஆங்கிலக் கொடியை ஏற்றினார். எல்லாம் சரிதான். நம்மைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: வண்ணச் சேலைகளும் மசாலா மணமும் கமழும் தெரு. அவ்வளவே! தெரு இருக்கிறது, மணம் இருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

வழிகாட்டிகள் இதை ஒட்டித்தான் பேச வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் ஏற்பாடு. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்றுகூடக் கணக்கு உண்டு. ஆனால் சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சந்திக்கும் மூலையில், நாகூர் தர்கா வாசலில், விருந்தினர்கள் திரிஷா வண்டிக்காக இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒன்றும் எழுதப்படவில்லை.

"அந்த ரெண்டு நிமிஷம் என்னோடது, அத்தை. நீங்க டீச்சரா இருந்தவங்க. நம்ம கதையை எழுதிக் கொடுங்க. விருந்தாளிங்க யாராச்சும் முகம் சுளிச்சு அங்கே புகார் போச்சுன்னா எனக்கு அடுத்த கப்பல் கிடைக்காது. அதையும் மனசுல வச்சுக்கிட்டு எழுதுங்க."

முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவளிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? நான்கு பக்கம் எழுதிவிட்டேன்.

முதலில் காற்றைப் பற்றி எழுதினேன். பாய்க்கப்பல் காலத்தில் பாதையைப் போட்டது மனிதன் அல்ல, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலை வங்கக் கடலின் குறுக்கே கிழக்கே தள்ளிவிடும். ஊர் திரும்ப வேண்டுமானால் வடகிழக்குக் காற்று எழும் வரை மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்த இடம்தான் கெடா, நம் முன்னோர் கடாரம் என்றார்களே அது. கடலில் வருகிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை. வானம் தெளிந்த நாளில் பினாங்குக் கடற்கரையில் நின்று நீங்களும் அதைப் பார்க்கலாம். அந்த மலையடிவாரத்தில், புஜாங் பள்ளத்தாக்கில், காத்திருந்தவர்கள் கோயில் கட்டினார்கள், சரக்கை இறக்கினார்கள், மணம் முடித்தார்கள். அந்தப் பக்கத்துச் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் கடைவீதியில் குவிந்த சரக்குகளில் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது.

செபராங் பிறையில் 1834-ல் கிடைத்த ஒரு கல்லையும் விடவில்லை. புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் தன் பயணம் இனிதே முடிய வேண்டிப் பொறித்த கல்; ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமையானது. அவன் நம்மவன் அல்ல, வங்காளத்துக்காரன் என்பது அறிஞர்கள் கருத்து. ஆனாலும் கடலில் இறங்குகிறவனுக்கு வயிற்றில் இருக்கும் பயம் எல்லா மொழியிலும் ஒன்றுதானே என்று சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ராஜேந்திர சோழன். இங்கே என் பேனா நிற்கவே இல்லை. 1025-ல் கடற்படை வந்தது, கடாரத்து அரசன் பிடிபட்டான், கடாரங்கொண்டான் என்ற பெயர் நிலைத்தது. அதற்கு இருபது வருடத்துக்கு முன்னால் கதை வேறு மாதிரி இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு அதற்குச் சாட்சி. அப்பன் தானம் கொடுத்த வீட்டுக்கு மகன் படை அனுப்பினான். வியாபாரம் என்று வந்துவிட்டால் ஆயிரம் வருடத்துக்கு முன்னும் அப்படித்தான்!

தம்பி மகள் நான்கு பக்கத்தையும் படித்தாள். படித்துவிட்டு, "அத்தை, ராஜேந்திரனை எடுத்துட்டா என்ன?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ராஜேந்திரனை எடுப்பதா?

"அவரு வந்தாரு, அடிச்சாரு, போயிட்டாரு. தங்கினது யாரு? மூட்டை தூக்கினது யாரு? அந்தப் புத்தகத்துல ராஜாவும் கம்பெனியும் மட்டும் இருக்குன்னுதானே நமக்குக் கோபம்? நாமும் ராஜாவையே சொன்னா எப்படி?"

பெண் வாயாடிதான், ஆனால் நியாயம் அவள் பக்கம் இருந்தது. நம் மேடைகளை நினைத்துப் பாருங்கள். பொங்கல் விழாவானாலும் சங்க ஆண்டுக் கூட்டமானாலும் பேச்சாளர் கடாரத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடிப்பார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் எந்தக் கப்பலில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கடாரத்தையாவது காப்பாற்றினோமா? 2013-ல் புஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழங்கோயிலின் அடித்தளம் வீட்டுமனைக்காக மண்வாரி வைத்து இடிக்கப்பட்டது. இடித்து முடிந்து செய்தி வந்த பிறகுதான் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. மிஞ்சியவற்றை இன்றும் மெர்போக் அரும்பொருளகத்தில் பார்க்கலாம். சுங்கைப்பட்டாணியிலிருந்து அரை மணி நேரப் பயணம். உங்களில் எத்தனை பேர் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறீர்கள்?

ஆகவே ராஜேந்திரன் ஒரு வரியாகச் சுருங்கினான். லைட்டுக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

லைட்டே எழுதி வைத்திருக்கிறார். சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரம் செய்தும் கூலி வேலை பார்த்தும் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். சூலியர் என்று அவர் சொன்னது இவர்களைத்தான். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் பரங்கிப்பேட்டைக்காரர். அவர் 1801-ல் தொடங்கியதுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1833-ல் குயின் ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் பினாங்கில் பயிராயின. அவற்றைத் தோணியிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து கிட்டங்கிக்கும் சுமந்தவர்களில் நம்மவர் நிறையப் பேர். அந்தச் சுமைகாரர்களுக்குச் சோறும் குழம்பும் காவடித் தண்டில் தொங்கவிட்டுத் தோளில் தூக்கி வந்து விற்றார்கள் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள். அதுதான் நாசி கண்டார். கண்டார் என்றால் தோளில் சுமக்கும் தண்டு. இன்று விருந்தினர்கள் வரிசையில் நின்று சாப்பிட்டுப் படம் எடுத்துப் போகிறார்கள். சுமையின் பெயரைத்தான் சாப்பிடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது, நம் பிள்ளைகள் பலருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நீராவிக் கப்பல். மூத்த வாசகர்களுக்கு ராஜூலா என்றால் போதும், விளக்கம் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: 1926-ல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் டெக்கில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் கட்டில் கிடையாது, அறை கிடையாது; பாய் விரித்த இடம்தான் வீடு. அடுத்து வந்த சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு அந்தப் பாதையே மூடிப்போயிற்று. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் பறக்கத் தொடங்கியது. ஆனால் கடல் வழியே அந்தப் பாதையில் இன்று போக வேண்டுமானால் நான்கு வருடச் சம்பளம் வேண்டும்.

என் அப்பா 1937-ல் பதினேழு வயதில் தம் அண்ணனோடு வந்தவர். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்ததால் டெக் பயணிகளைக் கரையில் இறக்காமல் ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பினாங்கின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிய, அங்கே நாள்களை எண்ணிக்கொண்டு கிடந்தார்களாம். உடுப்பைக் கழற்றி மருந்து நீரில் நனைத்ததை மட்டும் அப்பா கடைசிவரை சொல்ல மாட்டார். பெரியப்பா சொல்லித்தான் ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெரியப்பா 1943-ல் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. சொகுசு ரயிலைப் பற்றிப் பேசினால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் 1993-ல் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பச்சையும் பாலாடை நிறமும் பூசிய பெட்டிகள், வெள்ளை மேசை விரிப்பு, பியானோ. கொரோனா காலத்தில் நின்று, 2024-ல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு நம் நாட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறது. முன்பு பாங்காக்குக்குப் போன காலத்தில், வழியில் காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலத்தைக் காட்டுவார்கள். அங்கே உள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 நேச நாட்டு வீரர்களின் சமாதிகள், பெரும்பாலானவை பெயர் பொறித்த கல்லோடு, புல் வெட்டிய தரையில் வரிசையாக இருக்கின்றன. இருக்க வேண்டியதுதான். அதே தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோனவர்கள் 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தமிழர், பாதிப்பேர் போல மாண்டார்கள். பெரியப்பாவுக்குக் கல் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் எழுதிய போது என் கை நடுங்கியது உண்மை. இரண்டு நிமிடத்துக்குள் ஜெரஜாக், பெரியப்பா, டெக், அம்மை, கண்ணீர் எல்லாவற்றையும் அடக்கி, கேட்கிறவர் மனம் கரையும்படி எழுதிவிட்டோம் என்று எண்ணி, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் அம்மா.

அம்மாவுக்கு இப்போது தொண்ணூற்றொன்று. கண் மங்கல், காது கூர்மை. அப்பா 1950-ல் ஊருக்குப் போய் மணம் முடித்து, 1951-ல் அம்மாவை ராஜூலாவில் அழைத்து வந்தார். அப்போது அம்மாவுக்குப் பதினேழு. நான் படித்து முடித்ததும் அம்மா கேட்டார்:

"யாரு கஷ்டப்பட்டாங்கன்னு எழுதியிருக்கே?"

"நீங்கதாம்மா. டெக்குல வந்தவங்க எல்லாரும்."

"அப்பா பட்டாரு, அது வேற. உங்க பெரியப்பா பட்டாரு, அதைச் சொல்லு. என்னை ஏன் சேர்க்கிறே? அஞ்சு நாளு நான் உலை வைக்கலையே!"

நானும் தம்பி மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா பேசத் தொடங்கினார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராதாம், தூரத்திலேயே நிற்குமாம். படகில் போய், ஆடுகிற ஏணியில் ஏற வேண்டும். அதற்குத்தான் பயந்தாராம். முதல் நாள் ஒரே வாந்தி. இரண்டாம் நாள் பக்கத்துப் பாயில் இருந்த ராவுத்தர் வீட்டு அம்மா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார், தெளிந்தது. அதற்குப் பிறகு ஒரே கொண்டாட்டம்! சோறு கப்பல்காரனே கொடுத்தான். தண்ணீர் எடுக்க வேண்டாம், மாட்டைக் கட்ட வேண்டாம், மாமியார் கூப்பிட மாட்டார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து நிலா வெளிச்சத்தில் கும்மி அடித்தார்களாம். மீன் பறந்ததைப் பார்த்தேன் என்றார். பறக்கும் மீன் உண்டு என்பதை அம்மா சொல்லித்தான் சின்ன வயதில் நான் அறிந்தேன். ஆனால் எங்கே பார்த்தார் என்று அன்று கேட்கத் தோன்றியதில்லை.

"பொறந்ததுலேர்ந்து அப்படி உக்காந்து சாப்பிட்டதில்லே. அப்புறமும் சாப்பிடலே. இங்கே வந்த ரெண்டாம் வாரமே பெரட்டுக்குப் போயிட்டேன்" என்றார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, பெரட்டில் பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் தூக்கி, திரும்பி வந்து மறுபடி உலை வைத்தவர் அம்மா. முப்பத்தெட்டு வருடம்! அப்படிப்பட்டவருக்கு வாழ்நாளில் கிடைத்த ஓய்வு அந்த ஐந்து நாள்தான். ஊரிலிருந்து தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்த அம்மிக்குழவி இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. அம்மி பாரம் என்று அதை நாகப்பட்டினத்திலேயே விட்டுவிடச் சொன்னாராம் அப்பா. குழவியை மட்டுமாவது கொண்டு வருவேன் என்று பிடிவாதமாய் ஏற்றினாராம்.

தம்பி மகள் ரயிலின் படத்தைப் பாட்டிக்குக் காட்டினாள். மூன்று இரவுக்குப் பல ஆயிரம் டாலர் என்றாள். அம்மா கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாத்திரம் யாரு கழுவுறது?" என்று கேட்டார். அவர்களே கழுவிக்கொள்வார்கள் என்றதும், "அப்ப குடுக்கலாம்" என்றார்.

நான் எழுதிய பக்கங்கள் மேசையில் கிடந்தன. அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டி சொன்னது அவற்றுக்குள் அடங்கவில்லை. தம்பி மகள் தன் சின்ன நோட்டில் ஐந்தாறு வரி குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த கப்பலில் அவள் பேசினாள். நான் உடன் போகவில்லை. அவள் சொன்னதைச் சொல்கிறேன். தர்கா வாசலில் நின்றுகொண்டு, இந்தத் துறையில் நீங்கள் இறங்கியது போல என் தாத்தாவும் பாட்டியும் இறங்கினார்கள் என்று தொடங்கியிருக்கிறாள். தாத்தாவை ஜெரஜாக் தீவில் வைத்தார்கள், அவர் அண்ணன் சயாம் ரயில் பாதையில் மாண்டார், பாட்டிக்கு மட்டும் அந்தக் கப்பல் பயணம் வாழ்க்கையிலேயே பெரிய விடுமுறை. காரணம், ஐந்து நாள் அவர் சமைக்கவில்லை. இவ்வளவுதான் பேச்சு. திரிஷா வந்து நின்றும் யாரும் ஏறவில்லையாம். ஓர் ஆஸ்திரேலிய அம்மாள், பாட்டி எங்கே படுத்தார், மழை பெய்தால் என்ன செய்தார் என்று துளைத்துத் துளைத்துக் கேட்டாராம். இன்னொருவர் தம் சிற்றப்பன் காஞ்சனபுரிக் கல்லறையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பெரியப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

புகார் போகவில்லை. பாராட்டுத்தான் போனது. அதனால் வேறு சங்கடம் வந்தது. விருந்தினர்களுக்குப் பிடித்திருக்கிறது, பாட்டி கதையை எழுதிக் கொடு, மற்ற வழிகாட்டிகளும் சொல்லட்டும் என்று அந்த நிறுவனத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு குறிப்பு: தீவையும் ரயில் பாதைச் சாவையும் விட்டுவிடலாம், விடுமுறை மட்டும் போதும்.

"என்ன பதில் போட்டே?" என்று கேட்டேன்.

"மூணும் ஒரே குடும்பம், பிரிச்சுத் தர முடியாதுன்னு எழுதினேன். மத்தவங்க சொல்ல வேணாம், நானே சொல்லிக்கிறேன்னும் எழுதினேன்."

இதுவரை பதில் வரவில்லை. அவள் பேசுவதை நிறுத்தவும் இல்லை. இந்தப் பருவத்தில் இன்னும் நான்கு கப்பல் அவள் பெயரில் இருக்கிறது. ஐந்தாவது கிடைக்குமா என்பது அந்தக் கடிதத்தைப் பொறுத்தது.

அம்மாவுக்கு இந்த விவகாரமெல்லாம் சொன்னோம். அவர் கவலை வேறு. "என் கதையைச் சொல்லிச் சம்பாதிக்கிறாளே, எனக்கென்ன பங்கு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பொட்டலம் ஜாதிக்காய் ஊறல் வந்துவிடுகிறது. காய்ந்தது வேண்டாமாம், பல்லுக்கு ஆகாது. ஈரமாக ஊறியதுதான் வேண்டுமாம்.